திரும்பிப் போவதற்கான அத்தாட்சி

2023 மார்ச் மாதம். லண்டனில் ஒரு விசா விண்ணப்ப மையத்தில் டோக்கன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் தடியான ஃபைல். மூன்று மாத வங்கிக் கணக்கு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அலுவலகக் கடிதம், போக வர ரயில் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பிரிட்டன் எனக்குக் கொடுத்திருந்த வசிப்பிட அட்டையின் நகல். எல்லாம் மூன்று இரவு பாரிஸில் தங்குவதற்கு. ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்.

என் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அலுவலகக் கடிதத்தில் நின்றார்.

"விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புவார் என்று இதில் இல்லையே?"

"நான் இங்கே வேலை பார்க்கிறேன் என்று இருக்கிறதே. திரும்பித்தானே ஆகணும்?"

"அது எனக்குத் தெரியும். காகிதத்தில் இருக்கணும்."

அவர்மேல் தப்பில்லை. அவர் தூதரக அதிகாரிகூட இல்லை. காகிதங்களை வாங்கி, விரல் ரேகை எடுத்து அனுப்பும் ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர். முடிவெடுப்பவர்களை விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வெளியே வந்து அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, அந்த ஒரு வரியைச் சேர்த்த கடிதத்தை மின்னஞ்சலில் வாங்கி, பக்கத்துக் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் போகவில்லை. இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போனதன் கணக்கு.

முதலில், நான் பாரிஸ் போகவேண்டியிருந்த காரணம். ஈஸ்ட் ஹாமில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் வீட்டுக்கார ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது தாண்டியவர், மனைவியை இழந்தவர். பாரிஸில் இருந்த அவருடைய தம்பிக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. போய்ப் பார்க்க வேண்டும். ஐயாவுக்கு முழங்கால் வலி, தனியாக ரயில் ஏறப் பயம். "தம்பி, ஒருக்கா என்னோட வாரும்" என்றார். சரி என்றேன். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. அவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர், பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். நான் விசா வாங்கவேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் படியிறங்கி வந்து, "ஏதும் வந்ததோ?" என்று கேட்பார்.

ஒருநாள் சொன்னார்: "நான் வரேக்க விசா எண்டு ஒண்டுமே இல்லைத் தம்பி. ரிக்கெற் இருந்தாக் காணும்."

நான் நம்பவில்லை. வயதானவர்கள் பழைய காலத்தைச் சொல்லும்போது கொஞ்சம் இனிப்பு சேர்ப்பார்கள். தேடிப்பார்த்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை.

கொஞ்சம் பின்னால் போவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான எல்லைகளில் பாஸ்போர்ட் கேட்கும் வழக்கம் தளர்ந்துபோயிருந்தது. ரஷ்யப் பேரரசும் உதுமானியப் பேரரசும்தான் பெரிய விதிவிலக்குகள். 1914இல் போர் வந்ததும் ஒற்றர்களுக்குப் பயந்து எல்லா நாடுகளும் எல்லையில் காகிதம் கேட்க ஆரம்பித்தன. போர்க்கால ஏற்பாடு, போர் முடிந்ததும் போய்விடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். போகவில்லை. 1920 அக்டோபரில் சர்வதேச சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடு, பழைய சுதந்திரம் திரும்பவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே, பாஸ்போர்ட் எப்படி இருக்கவேண்டும் என்று வகுத்துக் கொடுத்தது. 32 பக்கப் புத்தகம், நுழைவு விசாவுக்குப் பத்து தங்க ஃபிராங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்றெல்லாம் பரிந்துரை. அதே 1920இல் இந்தியாவுக்கும் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. தற்காலிகமாக எழுதிய நிரல்தான் பத்து வருடம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கங்களும் அப்படித்தான்.

ஆனால் அந்தப் பொற்காலம் யாருடையது என்று கேட்கவேண்டும். போர் தொடங்குவதற்கு முன்பே, 1914 மே 23 அன்று, கோமகதா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்து நின்றது. அதில் 376 பேர். பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்கள். எல்லோரும் பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள், கனடாவும் பிரிட்டிஷ் பேரரசின் பகுதி. பிரஜையை எப்படித் தடுப்பது? 1908இல் கனடா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. "இந்தியர் வரக்கூடாது" என்று எங்கும் எழுதவில்லை. பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை உள்ள நாட்டிலிருந்தோ இடையில் நிற்காமல் ஒரே பயணமாக வரவேண்டும், ஆசியர்கள் கையில் 200 டாலர் வைத்திருக்கவேண்டும் என்று மட்டும் எழுதினார்கள். இந்தியாவிலிருந்து நேராகக் கனடா போகும் கப்பல் சேவை அப்போது இல்லை.

இந்தக் கதை பள்ளிப் பாடத்தில் விடுதலைப் போராட்டத்தின் ஒரு பத்தியாக வரும். என்னை நிறுத்தியது வேறு ஒரு விஷயம். கப்பல் புறப்பட்டது ஹாங்காங்கிலிருந்து. ஷாங்காயிலும் ஜப்பானிலும் ஆள் ஏற்றிக்கொண்டது. அதை வாடகைக்கு எடுத்த குர்தித் சிங் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்தவர். அதாவது அந்தப் பயணிகளில் பலர் ஏற்கெனவே சொந்த ஊரை விட்டு வெளிநாட்டில் இருந்தவர்கள். இன்றைய பாஷையில் எக்ஸ்பாட். ஊரிலிருந்து நேராக வா என்ற விதி அவர்களைத் துல்லியமாக அடித்தது. இரண்டு மாதம் கப்பலிலேயே இருந்தார்கள். ஏற்கெனவே கனடாவில் குடியிருந்தவர்கள் என்று காட்ட முடிந்த சுமார் 20 பேர் இறங்கினார்கள். ஒரு மருத்துவரும் அவர் குடும்பமும் விடப்பட்டார்கள். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் ஜூலை 23 அன்று திரும்பியது. செப்டம்பர் 29 அன்று கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் சுமார் 20 பேர் செத்தார்கள். கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2016 மே மாதத்தில்.

என் ஃபைலைத் திறந்தால் அந்தக் கப்பலின் விதிகள் வேறு உடையில் இருக்கின்றன. 200 டாலருக்குப் பதில் மூன்று மாத வங்கிக் கணக்கு. ஊரிலிருந்து நேராக வா என்பதற்குப் பதில், சட்டப்படி எங்கே வசிக்கிறாயோ அங்கே விண்ணப்பி என்ற விதி. நியாயமாகச் சொன்னால் இது அந்தப் பழைய விதியைவிட எவ்வளவோ மேல். நான் சென்னைக்குப் போய் வரவேண்டியதில்லை. ஆனால் இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. பாஸ்போர்ட் இந்தியா, முகவரி லண்டன். "திரும்பிப் போவீர்களா?" என்றால் லண்டனுக்கு. அந்த லண்டனில் நான் அப்போது இருந்ததே காலாவதித் தேதி போட்ட ஒரு அட்டையின் பேரில். பயணம் முடிந்த பிறகும் அந்த அட்டைக்குக் குறைந்தது மூன்று மாத ஆயுள் இருக்கவேண்டியிருந்தது. இரவல் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று சத்தியம் செய்து, இன்னொரு வீட்டில் மூன்று நாள் விருந்தாளியாக அனுமதி கேட்கிறேன்.

இப்போது ஐயாவின் டிக்கெட்டுக்கு வருவோம்.

1948இன் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின்படி காமன்வெல்த் நாட்டவர்கள் பிரிட்டனுக்கு வரலாம், இருக்கலாம், வேலை பார்க்கலாம். 1962இல் வந்த சட்டம் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தியது, 1971 சட்டம் இன்னும் இறுக்கியது. ஆனாலும் சுற்றிப் பார்க்கவோ படிக்கவோ வருகிற இந்தியரோ இலங்கையரோ முன்கூட்டி விசா வாங்கியே ஆகவேண்டும் என்று இல்லை. ஹீத்ரோவில் இறங்கி அதிகாரியிடம் பேசினால் அவர் அங்கேயே முடிவு செய்வார். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து தப்பிய தமிழர்கள் பலர் இந்த வழியில்தான் வந்தார்கள். ஐயா 1984இல் வந்தார். "படிக்க வந்தனான் எண்டு சொன்னன். படிச்சும் இருப்பன், ஊர் நல்லா இருந்திருந்தா."

1985 மே மாதம் பிரிட்டன் இலங்கைக் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின்மீது பிரிட்டன் இப்படி விசா விதித்தது அதுவே முதல்முறை. காரணம் ஒளிவுமறைவு இல்லாதது: தமிழர்கள் வந்து தஞ்சம் கேட்கிறார்கள். அடுத்த வருடம் அக்டோபரில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் அதே விதி வந்தது. இன்று என் அம்மா என்னைப் பார்க்க லண்டன் வரவேண்டுமென்றால் சென்னையில் விசாவுக்கு விண்ணப்பிக்கிறாளே, அது அந்த 1986இல் ஆரம்பித்த வழக்கம்.

ஐயாவின் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஜூன் மாதம் லண்டன் வருவதாக ஏற்பாடு. மே மாதமே கதவு அடைத்துவிட்டது. இன்னொரு வழி இருந்தது. மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லின். ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால் கிழக்கு ஜெர்மனி கடந்துபோகும் விசா கொடுக்கும். அங்கிருந்து நகரத்துக்குள் வந்து ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸெ நிலையத்தில் எஸ்-பான் ரயில் ஏறினால் சில நிமிடங்களில் மேற்கு பெர்லின். அந்தப் பக்கம் பாஸ்போர்ட் பார்க்க ஆளில்லை. ஏனென்றால் பெர்லினின் நடுவே ஓடும் கோட்டை ஒரு சர்வதேச எல்லை என்று மேற்கத்திய நாடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. பரிசோதனை வைத்தால் எல்லையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பனிப்போரின் இந்தச் சட்டச் சிக்கலுக்குள் கிடைத்த சந்து வழியாக யாழ்ப்பாணத்துப் பையன்கள் ரயில் ஏறிப் போனார்கள்.

மேற்கு ஜெர்மனி அந்தச் சந்தை அடைக்கச் சொல்லிக் கிழக்கை நெருக்கியது. 1985 ஜூலை நடுவிலிருந்து, மேற்கு ஜெர்மனியின் விசா இல்லாத இலங்கைத் தமிழர்களைக் கடந்துபோக விடுவதில்லை என்று கிழக்கு ஜெர்மனி நிறுத்திக்கொண்டது. அதே ஜூலையில் இரு ஜெர்மனிகளுக்கும் இடையிலான வர்த்தகத்தில் கிழக்குக்குக் கொடுக்கப்பட்டுவந்த வட்டியில்லாக் கடன் வரம்பு 850 மில்லியன் மார்க் அளவுக்கு உயர்த்தப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பேசுகிறார்கள். தம்பி அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த ரயிலில் போய்விட்டார். மேற்கு பெர்லினிலிருந்து பல கை மாறி, ஆகஸ்டில் பாரிஸ்.

இந்த இரண்டு கதவுகள் மூடியதற்கு நடுவில் ஒரு கதவு திறந்தது. 1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரை ஊரான ஷெங்கனில், ஒரு கப்பலில் கூடி, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் ஒப்பந்தம் போட்டன. தங்களுக்கு இடையிலான எல்லைப் பரிசோதனைகளைப் படிப்படியாக எடுத்துவிடுவோம் என்றன. உள்ளே சுவர் இல்லாமல் இருக்கவேண்டுமென்றால் வெளிச்சுவர் ஒன்றாக, உயரமாக இருக்கவேண்டும். விசாக் கொள்கையை நெருக்கமாக்குவது அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. 1990இல் அதை நடைமுறைப்படுத்தும் உடன்படிக்கை, 1995 மார்ச்சில் அமல். 2001இல் யார் விசாவோடு வரவேண்டும், யார் சும்மா வரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் பொதுப் பட்டியல் போட்டது. இந்தியாவும் இலங்கையும் விசா வேண்டிய பட்டியலில். 2010 முதல் விசாவுக்கென்றே ஒரு பொதுச் சட்டத்தொகுப்பு. குறித்த காலத்துக்குள் வெளியேறும் எண்ணம் இருக்கிறதா என்பதில் நியாயமான சந்தேகம் இருந்தால் மறுக்கலாம் என்பது அதில் ஒரு காரணம்.

கவுண்டர் பெண் என்னிடம் கேட்ட வரியின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1987 பிப்ரவரியில் 58 தமிழர்கள் ஹீத்ரோவில் வந்திறங்கித் தஞ்சம் கேட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது சிலர் உடைகளைக் களைந்து, உள்ளாடையோடு ஓடுதளத்தில் நின்று மறுத்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. சில வாரங்களிலேயே அரசு புதிய மசோதாவைக் கொண்டுவந்தது. சரியான காகிதம் இல்லாத பயணியை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். அன்றிலிருந்து பிரிட்டனின் எல்லை, விமானம் புறப்படும் ஊர்களுக்கே இடம் மாறிவிட்டது. சென்னையில் போர்டிங் பாஸ் கொடுக்கும் பெண் என் விசாவை இரண்டு தடவை உற்றுப் பார்ப்பது அவருடைய சந்தேக குணத்தால் அல்ல. அவருடைய நிறுவனத்தின் பணம்.

ஒரு நாட்டுக்குத் தன் வாசலில் யார் வரலாம் என்று தீர்மானிக்க உரிமை இல்லையா? இருக்கிறது. சுற்றுலா விசாவில் போய்த் தங்கிவிடுபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். எனக்கே சிலரைத் தெரியும். எனக்கு உறுத்துவது வேறு. "திரும்பிப் போவாயா?" என்ற கேள்விக்குப் பின்னால், திரும்பிப் போக எல்லோருக்கும் ஓர் ஊர் இருக்கிறது என்ற அனுமானம் இருக்கிறது. 1985இல் தம்பியிடம் இதைக் கேட்டிருந்தால், நேர்மையான பதில் "மாட்டேன், போனால் சாவேன்" என்பதுதான். அந்தப் பதிலைச் சொல்கிறவனுக்குச் சுற்றுலா விசா கிடையாது. தஞ்சம் கேட்பதற்கென்று தனி விசாவும் கிடையாது. ஆக, அந்த ஆளைக் கவுண்டரிலேயே வடிகட்டிவிட வேண்டும். எப்படி? சம்பளச் சீட்டு கேள், சொத்து கேள், வேலைக்குத் திரும்புவான் என்று கடிதம் கேள். இருப்பவனிடம் எல்லாம் இருக்கும். ஓடிவருகிறவனிடம் ஒன்றும் இருக்காது.

என் ஃபைலில் இருந்த ஒவ்வொரு தாளும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நான் அவர்களைப் போன்றவன் அல்ல. யாருடைய தம்பியைப் பார்க்கப் போகிறேனோ அவரைப் போன்றவன் அல்ல. ஒரு நாள் இரவு தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது இது தோன்றியது. அன்றைக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

விண்ணப்பித்துப் பன்னிரண்டாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. ஒற்றை நுழைவு. தங்கக்கூடிய நாட்கள்: 4. ஐயா ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார். "வடிவா இருக்கு," என்றார்.

லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தில் ரயில் ஏறும் முன்பே பிரெஞ்சுக் காவலர்கள் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். இங்கேயும் எல்லை இடம் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது. என் ஸ்டிக்கரைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்துவிட்டதால் ஐயாவுக்கும் எத்தனை நாள் என்று கேட்டு முத்திரை. "பாரும், எனக்கும் குத்துறாங்கள்" என்று சிரித்தார். கார் து நோரில் இறங்கி லா ஷாப்பெல் வரை நடக்கிற தூரம்தான். ஐயாவின் முழங்காலுக்காக டாக்ஸி எடுத்தோம். தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே தம்பியின் வீடு. நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஐயா ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். மேலே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தம்பி நின்றார். ஐயாவைவிடக் கிழவராகத் தெரிந்தார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதிகம் பேசவில்லை.

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே இருந்தும், 1985க்குப் பிறகு ஏழு வருடம் அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லையாம். இருவரிடமும் பயணம் செய்யக் காகிதம் இல்லை. 1986 செப்டம்பரில் பாரிஸ் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பிரான்ஸும் ஐரோப்பியச் சமூகத்தவர், சுவிஸ்காரர் தவிர எல்லோருக்கும் விசா போட்டுவிட்டது. அம்மா செத்த செய்தியை ஃபோனில்தான் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் தம்பியிடம் பெர்லின் ரயிலைப் பற்றிக் கேட்டேன். இறங்கவேண்டிய நிலையத்தின் பெயரைக் கையில் பேனாவால் எழுதி வைத்திருந்ததாகவும், வியர்வையில் அது அழிந்துபோனதாகவும் சொன்னார். யாரோ ஒரு ஜெர்மன் கிழவி சைகை காட்டி இறக்கிவிட்டாராம். நான் படித்ததைச் சொன்னேன். அவர் போன அடுத்த வாரமே அந்த வழி மூடியது, அந்த மாதமே 850 மில்லியன் கடன் வரம்பு ஏறியது என்று. கொஞ்சநேரம் யோசித்தார். மார்பில் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்களுக்கு அவ்வளவு விலையே, தம்பி?"

நாலாம் நாள் திரும்பினோம். கார் து நோரில் பிரெஞ்சுக் காவலர் என் பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரையைக் குத்தினார். அடுத்த மேசையில் பிரிட்டிஷ் அதிகாரி என் அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். ரயிலில் அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது என்னிடம் இருக்கப்போகும் காகிதங்களிலேயே கனமானது இதுதான். போனான், சொன்ன தேதியில் வெளியேறினான் என்பதற்கு அரசாங்கமே கொடுத்த அத்தாட்சி.

ஐயா ஜன்னலோரம் கண் மூடியிருந்தார். சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் விழித்து, "வந்திட்டமோ?" என்றார். இன்னும் இல்லை ஐயா என்றேன்.